நாய் வந்தாலும் ஓடாதீர்கள், கூகர் வந்தாலும் ஓடாதீர்கள்

ஓடாதீர்கள். மிச்சத்தை வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். ஓடாமல் நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அது முன்னால் நிற்கிற மிருகத்தைப் பொறுத்தது. நாய்க்குச் செய்வதைக் கூகருக்குச் செய்தால் ஆபத்து. கூகருக்குச் செய்வதை நாய்க்குச் செய்தாலும் ஆபத்து.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா அம்மாவின் தலைமுறை கனடாவுக்கு வந்து இரண்டு வேலை செய்தது, வீடு வாங்கியது, கோயில் கட்டியது. மலையேறப் போகவில்லை. நாங்கள் போகிறோம். ஸ்காபரோவில் வட்ஸப் குறூப் ஒன்று போட்டு, ஆறு பேர் சேர்ந்து விமானம் ஏறி, வன்கூவர் தீவிலும் ஸ்குவாமிஷிலும் காட்டுக்குள் நடக்கிறோம். அதே கோடையில் இன்னொரு கூட்டம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறது. ஒரு கூட்டம் கூகர் இருக்கிற காட்டுக்குள், மற்றக் கூட்டம் நாய் படுத்திருக்கிற ஒழுங்கைக்குள். இரண்டு கூட்டத்துக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சொல்லிக் கொடுக்கப்பட்டது என்ன? பயம். "சாப்பிடாட்டி நாயிட்டப் பிடிச்சுக் குடுத்திடுவன்" என்று கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை எத்தனை பேர்? நாயைக் கண்டால் அம்மா வீதியின் மற்றப் பக்கத்துக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வளர்ந்த இடத்தில் நாய்க்கடி என்றால் சாவு வரைக்கும் போகக்கூடிய விஷயம். ஆனால் பயத்தை மட்டும் கொடுத்து வழியைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை செய்யக்கூடியது ஒன்றுதான்: கத்திக்கொண்டு ஓடுவது. அது செய்யக்கூடிய காரியங்களிலேயே மோசமானது.

பயத்துக்கு எதிர்ப்பக்கம் வீரம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் வீடியோ போடுகிறார்கள். நாயின் தாடையை இப்படிப் பிடி, கழுத்தில் இப்படி உதை, இந்தக் கத்தி வாங்கு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கடிக்க வருகிற நாய்க்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் தாடையைத் தேடிப் பிடிக்கிற ஆள் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

என் வேலையில் இரவு 3 மணிக்கு ஒரு சேர்வர் விழுந்தால் யாரையும் யோசிக்கச் சொல்வதில்லை. முதலே எழுதி வைத்த படிகள் இருக்கும், தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வான். பதற்றத்தில் மூளை புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காது, முதலே தெரிந்ததைத்தான் செய்யும். மிருகத்துக்கு முன்னாலும் அப்படித்தான். ஆகவே படிகளை முதலே தெரிந்து வைத்திருக்க வேண்டும். படிகளைவிட முக்கியம், அந்த மிருகத்துக்கு என்ன வேண்டும் என்பது. அது விளங்கினால் படிகள் தாமாக நினைவில் நிற்கும்.

முதலில் நாய். உங்களைப் பார்த்துக் குரைக்கிற நாய்க்கு அநேகமாக உங்களைத் தின்னும் எண்ணம் இல்லை. அது ஒன்றைக் காக்கிறது. தன் படலையை, தன் குட்டியை, தன் சாப்பாட்டை, தன் ஆளை. அல்லது உங்களுக்குப் பயந்து நிற்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் நீங்கள் அந்த இடத்தை விட்டுப் போவதுதான். உங்களுக்கும் அதுதான் வேண்டும். இருவர் விருப்பமும் ஒன்றாக இருக்கும்போது சண்டை வருவதற்குக் காரணம் நாங்கள் போகிற விதம். ஓடினால் துரத்தும், ஏனென்றால் ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இரத்தத்தில் இருக்கிறது. கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் சண்டைக்கு அழைக்கிறாய் என்று எடுத்துக்கொள்ளும். கையை வீசிக் கத்தினால் பயந்த நாய் இன்னும் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும்.

அதனால் மரம் மாதிரி நில்லுங்கள். வட அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களில் இதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். கால் இரண்டும் நிலத்தில், கைகளை உடம்போடு சேர்த்து முன்னால் கோர்த்துக்கொண்டு, பார்வையை நாயின் கண்ணில் அல்லாமல் உங்கள் கால்விரலில் வைத்து, அசையாமல். மூச்சை மட்டும் விடாதிருக்க வேண்டாம். நாய் கிட்ட வரும், மணக்கும், பிறகு சலிப்படையும். மரத்தில் அதற்கு என்ன வேலை? அது சற்று விலகியதும் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாக, மெதுவாக நகருங்கள். முதலிலேயே சற்றுத் தூரத்தில் இருந்தால் தாழ்ந்த, உறுதியான குரலில் ஒரு சொல் போதும். ரொறன்ரோ நாய்க்குக் "கோ ஹோம்" விளங்கும், யாழ்ப்பாணத்து நாய்க்குச் "சீ, போ" விளங்கும். கீச்சுக் குரல் வேண்டாம்.

சைக்கிளில் போகும்போது நாய் துரத்தினால் பலரும் இன்னும் வேகமாக மிதிக்கிறார்கள். சுழலுகிற சில்லும் மிதிக்கிற காலும்தான் அதைக் கிளப்புகிறது. வீதியில் வாகனம் இல்லை என்று பார்த்து நிறுத்தி இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வையுங்கள். ஓட்டம் நின்றதும் பல நாய்களுக்கு விளையாட்டு முடிந்துவிடும். கூட்டமாக வந்தால் முதுகை மதிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற நாய்தான் முதலில் கடிக்கிறது.

உண்மையாகவே பாய்ந்தால், கையில் இருக்கிற எதையாவது அதன் வாய்க்குக் கொடுங்கள். பை, குடை, செருப்பு, கழற்றிய ஜக்கெற். கவ்விய கையை வெடுக்கென்று இழுத்தால் சின்னத் துளை பெரிய கிழியலாகும். விழுந்துவிட்டால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, நாடியைக் கீழே இறக்கி, இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கோர்த்து உருண்டையாகச் சுருண்டு கிடவுங்கள். காக்க வேண்டியது முகமும் கழுத்தும். சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு நாயின் வாய் நேரே முகத்துக்கு வரும், ஆகவே கூட இருக்கிற பிள்ளையை முதலில் உங்கள் பின்னால் எடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரொறன்ரோ பூங்காக்களில் எனக்கு அடிக்கடி வருகிற எரிச்சல் இது. கயிறில்லாமல் ஓடி வருகிற பெரிய நாய், ஐம்பது அடி பின்னால் கையை ஆட்டிக்கொண்டு வருகிற சொந்தக்காரர், அவர் வாயில் ஒரே வசனம்: பயப்படாதே, அது நல்ல பிள்ளை, ஒன்றும் செய்யாது. அவருக்கு ஒன்றும் செய்யாதுதான். எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள், நாய்க்குப் பயப்படுவது நாகரிகம் இல்லாத குணம் போல. சிரிக்கத் தேவையில்லை. "தயவு செய்து நாயைக் கட்டுங்கள்" என்று சத்தமாகக் கேளுங்கள். ஒன்ராறியோவில் நாய் கடித்தால் சொந்தக்காரர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற விவாதமே இல்லாமல் அவர்தான் பொறுப்பு, அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. வாலாட்டுகிறதே என்று நம்பவும் வேண்டாம். விறைப்பாக மேலே தூக்கிக் கடகடவென்று ஆட்டுகிற வாலும், இறுகிய உடம்பும், அசையாத பார்வையும் நட்பு அல்ல. பிள்ளைகளைக் கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான நாய்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரியப்பா வீட்டு நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக்கூடாது என்று மருமகனுக்குச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

இனிப் பூனை இனம். கூகரை மலைச்சிங்கம் என்பார்கள், பூமா என்பார்கள், எல்லாம் ஒரே மிருகம். அது உங்களிடம் எதையும் காக்க வரவில்லை, குட்டியோடு நிற்கிற தாயைத் தவிர. அது உங்களைப் பார்ப்பது வேறு கணக்கில்: இது இரையா, இல்லையா? பிடித்தால் எவ்வளவு சிரமம்? பூனை தனியாக வேட்டையாடி வாழ்கிறது. காலில் ஒரு காயம் பட்டால் அதற்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க யாரும் இல்லை. ஆகவே தெரியாமல், பின்னாலிருந்து, கழுத்துக்கு வருவதுதான் அதன் முறை. தன்னைக் கண்டுவிட்டார்கள் என்றாலே அதன் திட்டத்தில் பாதி போய்விட்டது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பொட்ஸ்வானாவில் சிங்கமும் சிறுத்தையும் மாடுகளைப் பிடிக்கிற ஒகவாங்கோப் பகுதியில், ஆராய்ச்சியாளர்கள் மாடுகளின் பின்புறத்தில் பெரிய கண்களை வரைந்துவிட்டார்கள். 2020 இல் முடிவு வெளிவந்தது. நான்கு வருடத்தில் கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூட அவை பிடிக்கவில்லை. ஒன்றும் வரையாத 835 மாடுகளில் 15 போயின. வெறும் சிலுவைக் கோடு போட்ட 543 மாடுகளில் 4. சுந்தரவனத்தில் 1986 அளவில் தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் போகிறவர்களுக்குத் தலையின் பின்புறம் மனித முகமூடி கட்டிவிட்டதும் இதே எண்ணத்தில்தான். கொஞ்சக் காலம் நன்றாக வேலை செய்தது, பிறகு புலிகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டன என்கிறார்கள். முகமூடி எப்படியோ போகட்டும். பூனைக்கு உங்கள் கண் தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஆகவே நாய்க்கு முன்னால் செய்த எல்லாவற்றையும் தலைகீழாக்குங்கள். கண்ணைப் பாருங்கள், பார்வையை எடுக்காதீர்கள். மரம் மாதிரி நிற்க வேண்டாம், பெரிதாகுங்கள். ஜக்கெற்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடியுங்கள். சின்னப் பிள்ளை இருந்தால் குனியாமல் தூக்குங்கள். சத்தம் போடுங்கள், தாழ்ந்த கரகரத்த குரலில், பயந்து கீச்சிடுகிற இரை மாதிரி இல்லாமல். தமிழில் திட்டினாலும் சரி, கூகருக்கு மொழி தெரியாது. கல்லும் தடியும் எறியுங்கள். அதற்குப் போக வழி விட்டு, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்னால் நகருங்கள். குட்டிகளைக் கண்டால் இன்னும் கவனம். 2020 ஒக்ரோபரில் அமெரிக்காவின் யூட்டாவில் குட்டிகளுக்குக் கிட்டப் போய்விட்ட ஒருவரைத் தாய்க்கூகர் ஏறக்குறைய ஆறு நிமிடம் தொடர்ந்து வந்தது. அவர் அந்த நேரம் முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தார், கத்திக்கொண்டே இருந்தார், கடைசியில் கல்லால் எறிந்த பிறகுதான் அது திரும்பியது. அவர் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. இத்தனைக்கும் அந்தத் தாய் செய்ததெல்லாம் அவரைக் குட்டிகளிடமிருந்து தூரம் அனுப்பியதுதான்.

பாய்ந்துவிட்டால் செத்தவர் மாதிரிக் கிடக்கக்கூடாது. அது சில கரடிகளுக்குச் சொல்கிற அறிவுரை. நாய்க்குச் சொன்ன சுருண்டு கிடக்கிற பாடமும் இங்கே உதவாது. பூனைக்கு அசையாத இரை என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எழும்பி நில்லுங்கள், முகத்திலும் கண்ணிலும் அடியுங்கள், எது கைக்கு வருகிறதோ அதால் அடியுங்கள்.

இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் சியாற்றிலுக்குக் கிழக்கே உள்ள மலையடிவாரத்தில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இடங்களில் நடந்தவை. 2018 மே மாதம் நோர்த் பென்ட் பக்கத்தில் இரண்டு சைக்கிள்காரர்களை ஒரு கூகர் தொடர்ந்தது. இருவரும் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். இறங்கினார்கள், கத்தினார்கள், சைக்கிளால் அடித்தார்கள். அது போனது, பிறகு திரும்பி வந்து ஒருவரின் தலையைக் கவ்வியது. மற்றவர் ஓடினார். கவ்வியவரை விட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திப் பிடித்தது. ஓடியவர் இறந்தார், கடிபட்டவர் பிழைத்தார். வாஷிங்டன் மாநிலத்தில் கூகர் ஒரு மனிதரைக் கொன்றது 94 வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்தக் கணத்தில் யாருடைய காலும் ஓடத்தான் பார்க்கும், அவரைப் பற்றி ஒரு சொல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2024 பெப்ரவரியில் ஃபோல் சிற்றி பக்கத்தில் ஐந்து பெண்கள் சைக்கிளில் போனார்கள். கூகர் ஒருவரின் தாடையைக் கவ்வியது. மற்றவர்கள் ஓடவில்லை. தடியாலும் கல்லாலும் அடித்து அவரை மீட்டார்கள், பிறகு சைக்கிளை அதன் மேல் போட்டு அழுத்தி, அதிகாரி வரும்வரை நிலத்தோடு பிடித்து வைத்திருந்தார்கள். கடிபட்ட பெண் உயிரோடு இருக்கிறார்.

ஐந்து பேர் என்பதைக் கவனியுங்கள். கூகர் உள்ள காட்டில் தனியாக, காதுக்குள் பாட்டைப் போட்டுக்கொண்டு, விடியற்காலையிலோ மாலை மங்கலிலோ ஓடுவதுதான் நான் வேண்டாம் என்கிற ஒரே பழக்கம். மற்றபடி போங்கள், பயப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். வட அமெரிக்கா முழுவதிலும் கடந்த நூறு வருடத்தில் கூகரால் இறந்தவர்கள் ஏறக்குறைய 30 பேர். அந்தக் காட்டுக்குப் போகிற வழியில் நீங்கள் ஓட்டுகிற கார் அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

சிறுத்தையும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் கதை வேறு. எங்களுக்குக் கூகர் கோடை விடுமுறைச் சமாச்சாரம். மலையகத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டின் வால்பாறையிலும் தேயிலை கொய்கிறவர்களுக்குச் சிறுத்தை அன்றாட வாழ்க்கை. அங்கே குனிந்து வேலை செய்கிறவர்களும், இருட்டும் நேரத்தில் லயத்து வாசலில் விளையாடுகிற பிள்ளைகளும்தான் அகப்படுகிறார்கள். வெளிச்சமும் வீட்டோடு கழிப்பறையும் வெட்டிய பற்றையும் இருந்தால் பாதி ஆபத்து குறையும். "துணிவாக நில்" என்று கொழுந்துக்கூடை சுமக்கிற அக்காவுக்கு நான் இங்கிருந்து சொல்வது அசிங்கம்.

குனிவது என்றதும் கல் நினைவுக்கு வருகிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். (அது நாயே இல்லை, நாயகன் என்று விளக்கம் சொல்கிற மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், அவரை விடுங்கள்.) ஊரில் கல் தேவையே இல்லை. சும்மா குனிந்து நிலத்தைத் தொட்டாலே ஒழுங்கை நாய் பின்வாங்கும். குட்டியாக இருந்த நாள் முதல் கல்லெறி வாங்கியே வளர்ந்ததால் அந்தக் குனிவின் அர்த்தம் அதற்குத் தெரியும். ஊருக்குப் போகிற எங்களுக்குச் சொந்தக்காரர் முதல் நாளே சொல்லித்தருகிற வித்தை இது, வேலையும் செய்கிறது. அதை அப்படியே கனடாவுக்குக் கொண்டு வராதீர்கள். ரொறன்ரோ நாய் வாழ்நாளில் கல்லடி வாங்கியதில்லை. நீங்கள் குனிவது அதற்கு உங்கள் முகத்தைத் தன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வருவதாகத்தான் தெரியும். கூகருக்கு முன்னால் குனிந்தால் இன்னும் மோசம். நிமிர்ந்து நிற்கிற மனிதன் அதற்கு விளங்காத உருவம், குனிந்தவன் நாலு கால் மிருகத்தின் உருவம். அதனால் காட்டுக்குள் போகும்போது ஒரு தடியைத் தொடக்கத்திலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோக்காரருக்கு ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் பள்ளத்தாக்குகளில் திரிகிற கயோட்டி பார்க்க நாய் மாதிரி இருக்கும். அதற்கு மரம் மாதிரி நிற்கிற பாடம் இல்லை, கூகர் பாடம்தான்: பெரிதாகு, சத்தம் போடு, முதுகு காட்டாதே. சாப்பாடு போட்டுப் பழக்காதீர்கள்.

ஸ்பிரே பற்றிப் பலர் கேட்கிறார்கள். கரடியை விரட்டுகிற ஸ்பிரே கூகருக்கும் வேலை செய்யும், மேற்குக் காடுகளில் இடுப்பில் வைத்திருங்கள். பையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். கனடாவில் மிருகத்துக்கென்று விற்கிற ஸ்பிரேக்குத் தடையில்லை. மனிதர்மேல் அடிப்பதற்கென்று செய்த மிளகு ஸ்பிரே தடைசெய்யப்பட்ட ஆயுதம், இலண்டனில் இருக்கிறவர்களுக்கும் அது குற்றம்தான். விமானத்தில் எதையும் கொண்டு போக முடியாது, போய் இறங்கிய இடத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் பல் படுவதற்கு முன்னால். நான் உண்மையில் கவலைப்படுவது பட்ட பிறகு நடப்பதைப் பற்றி. கூகரைப் பற்றி இரவு முழுக்கக் கதைக்கிற இளைஞர்கள், உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேரைக் கொல்கிற ஒன்றைப் பற்றிக் கதைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு அது. விசர்நாய்க்கடி. இறப்பவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் கீழே. மனிதருக்கு வருவதில் 99 வீதம் நாயால் வருகிறது. எங்கள் பெற்றோரின் பயத்துக்குப் பின்னால் இருந்தது இதுதான், அதை மட்டும் அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

அந்தக் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக நடந்து போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு வாரம்தான், சிலருக்கு ஒரு வருடம். போய்ச் சேர்ந்து நோய் தெரியத் தொடங்கினால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. போய்ச் சேருவதற்கு முன்னால் ஊசி போட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைப்பார்கள். இவ்வளவு தெளிவான இரண்டு பக்கம் மருத்துவத்தில் அரிது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊருக்குப் போன இடத்தில், கலியாண மண்டபத்துக்குப் பின்னால், ஒன்பது வயதுப் பையன் ஒரு குட்டிநாயோடு விளையாடினான். கையில் சின்னக் கடி, இரண்டு புள்ளி. அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "நாயைத் தொடாதே என்று எத்தனை தரம் சொன்னேன்" என்று ஏச்சு விழும். அதைவிட, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று மச்சான்மார் வெருட்டியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து முழுகவார்க்கும்போது தாய் கண்டார். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி தொடங்கினார்கள், பையன் இப்போது ஹொக்கி விளையாடுகிறான். தாய் அந்தப் புள்ளிகளைக் காணாதிருந்தால் என்ற கேள்வியை அவர்கள் வீட்டில் இப்போதும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

தொப்புள் ஊசி எப்போதோ ஒழிந்துவிட்டது. இப்போது போடுவது கையில், சில வாரத்துக்குள் நாலு ஐந்து நாள் போய் வருகிற வேலை. உங்கள் தம்பி தங்கச்சிமாருக்கு, பெறாமக்களுக்கு, இதைப் பயணத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கள்: நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், நகம் கீறினால், காயத்தில் நக்கினால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் ஒருவரும் ஏசமாட்டார்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மறைக்கிற கடிதான் ஆகப் பெரிய ஆபத்து.

கடித்தவுடன் செய்வது ஓடுகிற தண்ணீரும் சவர்க்காரமும், 15 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நீங்கள் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், அம்மம்மா அன்போடு கொண்டு வந்தாலும் வேண்டாம். பிறகு நேரே வைத்தியசாலை. குட்டிநாய்தானே என்றோ, வீட்டு நாய்தானே என்றோ, இரத்தம் வரவில்லையே என்றோ நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், வைத்தியர் தீர்மானிக்கட்டும். தோல் கிழிந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டிவரும். இன்னும் நாலு நாளில் விமானம், கனடாவுக்குப் போய்ப் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். முதல் ஊசியை அங்கேயே போடுங்கள், மருந்தின் பெயரும் திகதியும் எழுதிய துண்டை வாங்கிப் பாஸ்போட்டுக்குள் வையுங்கள், மிச்சத்தை இங்கே தொடரலாம். இங்கே ரொறன்ரோவில் கடி வாங்கினாலும் வைத்தியரிடம் போங்கள். அவர் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிப்பார், கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பார்கள். பூனை கடித்தால், வீட்டுப் பூனையாக இருந்தாலும், கையில் ஆழமாக இறங்கிய சின்னத் துளை மறுநாள் வீங்குவது சகஜம். அதையும் காட்டுங்கள்.

ஊர் நாய்களை எல்லாம் பிடித்து அடைக்க வேண்டுமா, கருத்தடை செய்து விட வேண்டுமா என்று இந்தியாவில் 2025 இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. ஓகஸ்ட் 11 இல் டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன நீதிமன்றம், 22 இல் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுத் திரும்ப விடலாம் என்று மாற்றியது, விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர. என்னைக் கேட்டால், நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் இந்த நோய் அடங்கும் என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு, காசு அங்கேதான் போக வேண்டும். ஊரில் ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு மைதான விளக்கு வாங்கிக் கொடுக்கிற புலம்பெயர் சங்கங்கள், ஒரு வருடம் அந்தக் காசைத் தங்கள் கிராமத்து நாய்களின் ஊசிக்குக் கொடுக்கலாம். பெயர்ப்பலகை வைக்க இடம் இருக்காது என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

கடைசியாக, கடிக்கு முன்னாலேயே போடுகிற தடுப்பூசியும் இருக்கிறது. நாட்டைப் பொறுத்து இரண்டோ மூன்றோ தடவை. அதைப் போட்டவர்களுக்கும் கடித்தால் ஊசி வேண்டும், ஆனால் இரண்டு போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கிராமப் பக்கம் பல வாரம் தங்குகிறவர்களும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களும் இதைப் பற்றிக் கேளுங்கள். இலவசம் இல்லை, வேலையிடத்துக் காப்புறுதி சிலருக்குக் கொடுக்கும். ஓகஸ்டில் நல்லூருக்குப் பறக்கிறவர்கள் ஜூன் மாதத்திலேயே பயணத் தடுப்பூசி போடுகிற கிளினிக்கில் நேரம் எடுத்துவிடுங்கள். கைப்பைக்குள் ஒரு சின்னச் சவர்க்காரக் கட்டியும் இருக்கட்டும்.